கடலோரத்துத் தனியன்

கடலை நான் இதுவரை மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். குடியாத்தத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவனுக்கு அதற்குமேல் வாய்ப்பேது? அப்படிப்பட்டவன் ஒரு கடல் ஓவியரைப் பற்றி எழுத வந்தது எப்படி என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

எங்கள் வரலாற்றுத் துறையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாறு ஒரு தாள். அதில் உள்நாட்டுப் போர் என்றால் காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று எங்களுக்கு மூன்று உட்தலைப்புகள். 1861-இல் தொடங்கி 1865-இல் முடிந்தது, அடிமைமுறை ஒழிந்தது, இரு தரப்பிலுமாக ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேர்வுக்கு இவ்வளவு போதும். அந்தப் போரைக் காட்டும் ஓவியங்கள் சிலவற்றைத் தேடி எடுத்து வந்து வகுப்பில் காட்டும்படி எங்கள் பேராசிரியர் என்னைப் பணித்தார். தேடியபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சிறிய ஓவியம்.

பைன் மரக் கிளை ஒன்றில் நீலச் சட்டை அணிந்த வீரன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நீண்ட துப்பாக்கியின் குழலை மற்றொரு கிளைமீது தாங்கக் கொடுத்து, அதன்மேல் பொருத்திய தொலைநோக்கியில் ஒரு கண்ணைப் பதித்திருக்கிறான். பக்கத்துக் கிளையில் தண்ணீர்க் குப்பி தொங்குகிறது. இரத்தம் இல்லை, புகை இல்லை, கொடி இல்லை. அவன் யாரைக் குறிபார்க்கிறான் என்பதும் படத்தில் இல்லை. ‘குறிபார்த்துச் சுடுபவன்’ என்பது படத்தின் பெயர். 1863-இல் வரைந்தவர் வின்ஸ்லோ ஹோமர். அப்போது அவருக்கு வயது 27.

என் சித்தப்பா இராணுவத்தில் பதினேழு ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது அப்படி உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் திண்ணையில் அவரிடம், “எத்தனை பேரச் சுட்டே சித்தப்பா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அதன்பிறகு அந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்க அம்மா விட்டதில்லை. ஹோமரின் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றித் தொடர்ந்து படித்ததற்கு அதுவே காரணம்.

ஹோமரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவரைக் கடலின் ஓவியர் என்பார்கள். மனிதரை வெறுத்துக் கடற்கரையில் ஒதுங்கிக்கொண்ட துறவி என்பாரும் உண்டு. முதலாவது உண்மை. இரண்டாவதை நான் ஒப்பவில்லை. போரிலிருந்து அவர் கொண்டுவந்த ஏதோ ஒன்று அவருடன் கடற்கரை வரை வந்தது. கடைசி வரை போகவில்லை. அந்த மரக்கிளை வீரனிடமிருந்து தொடங்கினால் இது விளங்கும்.

ஹோமர் 1836-இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் நடுவர். அண்ணன் சார்லஸ், தம்பி ஆர்தர். தந்தை இரும்புச் சாமான் இறக்குமதி வணிகர்; 1849-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியவர். தாய் ஹென்ரியட்டா பூக்களையும் பறவைகளையும் நீர்வண்ணத்தில் வரைவதில் தேர்ந்தவர். பிள்ளையின் கையில் தூரிகை ஏறியது தாயிடமிருந்துதான். பத்தொன்பது வயதில் ஒரு கல்லச்சு நிறுவனத்தில் தொழில் பழகச் சேர்த்தார்கள். பாட்டுப் புத்தகங்களுக்கு மேலட்டை வரைவது போன்ற வேலை. இருபத்தொரு வயது நிறைந்த அன்றே அதை விட்டு வெளியேறினார். அதன்பின் எவரிடமும் சம்பளத்துக்கு அடங்கி வேலை செய்ததில்லை. பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து கொடுத்துப் பிழைத்தார்.

அக்காலத்துப் பத்திரிகைப் படம் எப்படி அச்சாயிற்று என்பதை இங்கே சொல்லவேண்டும். புகைப்படத்தை அப்படியே செய்தித்தாளில் அச்சிடும் முறை அப்போது இல்லை. ஓவியர் வரைந்ததை வழவழப்பான மரக்கட்டைமீது இடவலமாக மாற்றிப் பதிப்பார்கள். பெரிய படமென்றால் சிறு சிறு கட்டைகளைத் திருகாணியால் ஒன்றாகப் பிணைத்து, பிறகு பிரித்து, ஆளுக்கொரு கட்டையாகப் பல செதுக்கர்கள் இரவோடிரவாக வெள்ளை வரவேண்டிய இடங்களைக் குடைந்தெடுப்பார்கள். மீண்டும் பிணைத்து அச்சேற்றுவார்கள். ஓவியர் வரைந்த கோடு வேறு, வாசகர் பார்க்கும் கோடு வேறு. நியூயார்க்கின் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ வார இதழ் இப்படித்தான் போரை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. அந்த இதழுக்காகப் போர்முனைக்குப் போனவர்களில் ஒருவர் ஹோமர்.

1862 வசந்தத்தில் வட தரப்புப் படையோடு வர்ஜினியா மாநிலத்தின் யார்க்டவுன் முற்றுகைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது இருந்த நிலையைத் தாய் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நாட்கணக்கில் உணவில்லாமல் இருந்தானாம். முகாமில் காய்ச்சல் பரவி ஒவ்வொருவராக விழுந்தார்களாம். நெருங்கிய நண்பர்களுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிப்போய் வந்தானாம். போர்க்களத்தில் நடந்ததைப் பற்றி அந்தத் தாய்க்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? மகனின் முகம்தான் அவருக்குத் தெரிந்த போர்.

மரக்கிளை வீரனின் படம் முதலில் 1862 நவம்பரில் அந்த இதழில் மரச்செதுக்கு அச்சாக வெளிவந்தது. பிறகு அதையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். வெகு தூரத்து இலக்கையும் தவறாமல் அடிக்கும் வீரர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்துத் தனிப் பிரிவாக அமைத்திருந்த காலம் அது. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி அப்போது புதுமை. இதழ்கள் அந்த வீரர்களைப் புகழ்ந்தன. ஹோமர் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. ஆனால் 34 ஆண்டுகள் கழித்து, 1896-இல், போரில் இருந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் மனத்தைத் திறந்தார். யார்க்டவுன் எதிரே ஒரு பீச் பழத் தோட்டத்தில் அந்தத் துப்பாக்கி ஒன்றின் தொலைநோக்கி வழியாகத் தாம் ஒருமுறை பார்த்ததாகவும், இராணுவத்தில் தாம் கண்டவற்றுள் கொலைக்கு அவ்வளவு நெருக்கமானது வேறில்லை என்று பட்டதாகவும், அந்தப் பிரிவை நினைத்தாலே தமக்கு நடுக்கம் என்றும் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் ஒரு வட்டம் போட்டு, அதன் நடுவே குறுக்குக் கோடுகளுக்குள் அகப்பட்ட ஒரு மனித உருவையும் வரைந்து காட்டினார். 34 ஆண்டுகளாக அந்த வட்டம் அவர் கண்ணுக்குள் இருந்திருக்கிறது.

போர் முடிந்த 1865-இல் ‘புதிய வயலில் பழைய போர்வீரன்’ என்று ஒரு படம். முற்றிய கோதுமை வயலில் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிவாளை வீசுகிறான். கழற்றிப் போட்ட இராணுவச் சட்டையும் தண்ணீர்க் குப்பியும் ஓரத்தில் கிடக்கின்றன. வீட்டுக்கு வந்தும் அவன் கையில் அறுக்கும் கருவிதான். எதிரே இருப்பவை கணக்கற்ற கதிர்கள். அவன் முகத்தை நமக்குக் காட்ட ஹோமர் விரும்பவில்லை. அடுத்த ஆண்டு வந்த ‘முன்னணியிலிருந்து வந்த கைதிகள்’ அவருக்குப் பெரும்பெயர் தேடித் தந்தது. 1867-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கும் போயிற்று. பின் பத்தாண்டுகளுக்கு மேல் பள்ளிச் சிறுவர்கள், பண்ணை வீடுகள், கடற்கரைச் சீமாட்டிகள் என்று இன்பமான படங்கள். நல்லவைதாம். எனினும் விரைந்து கடந்துவிடுகிறேன்.

1881-இல் அவர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள கல்லர்கோட்ஸ் என்ற மீனவக் குப்பத்துக்குப் போய்ச் சுமார் இருபது மாதங்கள் தங்கினார். குளிர்ந்த, கொந்தளிக்கும் வடகடல். ஆண்கள் படகேறிப் போனபின் பெண்கள் வலை பழுது பார்ப்பார்கள், கூடை சுமப்பார்கள், காற்று மாறினால் பாறைமேல் வந்து நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹோமர் வரைந்தது பெரும்பாலும் இந்தப் பெண்களைத்தான். படகு வரைவதைவிடப் படகுக்காகக் காத்திருப்பவளை வரைவது கடினம். போர்க்காலத்தில் கடிதத்துக்காகக் காத்திருந்த வீடுகளைப் பார்த்தவருக்கு அது கைவந்தது போலும்.

திரும்பியபின் நியூயார்க் அவருக்கு ஒட்டவில்லை. 1883-இல் மெய்ன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகருக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் பிரவுட்ஸ் நெக் என்ற பாறை முனைக்குக் குடிபோனார். அங்கே அவருடைய குடும்பம் நிலம் வாங்கியிருந்தது. குடும்ப வீட்டை ஒட்டியிருந்த வண்டிக் கொட்டகையைச் சற்றுத் தள்ளி நகர்த்தி, மாடியில் கடலைப் பார்த்தபடி ஒரு பலகணி அமைத்துத் தம் ஓவியக்கூடமாக்கிக் கொண்டார். அதுவே வீடு, அதுவே தொழிற்சாலை. குடியேறிய மறு ஆண்டே, 1884 ஏப்ரலில், தாய் இறந்தார். ஹோமர் மணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய ஓவியத்தைத் தொடக்கம் முதல் அறிந்தவர் தாய் ஒருவரே.

அந்த ஆண்டுதான் ‘உயிர்க்கயிறு’ என்ற படம் காட்சிக்கு வந்தது. உடைந்த கப்பலிலிருந்து ஆட்களைக் கரைசேர்க்க அக்காலத்தில் ஒரு முறை இருந்தது. கரையிலிருந்து சிறு பீரங்கி ஒன்றால் மெல்லிய கயிற்றைக் கப்பலின்மேல் சுடுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தடித்த வடம் வரும். வடத்தில் கப்பி பூட்டி, அதில் தொங்கும் வளையத்தில் ஆளை உட்கார வைத்துக் கரைக்கு இழுப்பார்கள். (உயிர் காக்கவும் பீரங்கி உண்டு என்று நான் அறிந்தது அன்றைக்குத்தான்.) படத்தில் மீட்பவன் ஒருவன், மயங்கிய பெண்ணொருத்தியை அணைத்துக்கொண்டு இரண்டு அலை மலைகளுக்கு நடுவே தொங்குகிறான். காற்றில் பறந்த சிவப்புத் துணி அவன் முகத்தை மறைத்துவிடுகிறது. வயலில் முதுகு காட்டியவனைப் போலவே இவனுக்கும் முகமில்லை. இந்தப் படம் 2,500 டாலருக்கு விற்றது, அந்நாளில் பெருந்தொகை.

அடுத்த ஆண்டு ‘மூடுபனி எச்சரிக்கை’. தாய்க்கப்பலிலிருந்து சிறு துடுப்புப் படகில் தனியே போய்த் தூண்டில் போடும் மீனவன். படகின் பின்பக்கம் இரண்டு பெரிய மீன்கள். தொலைவில் கப்பல், அதற்கும் அப்பால் அடிவானத்தில் மூடுபனி சுவர்போல எழுகிறது. பனி முந்தினால் கப்பல் மறைந்துவிடும். பிறகு துடுப்பு வலித்தும் பயனில்லை. மீனை வீசி எறிந்தால் படகு விரைவாகப் போகும். எறிந்தால் அன்றைய கூலி போயிற்று. அவன் திரும்பிப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும் அந்த ஒரு நொடிதான் படம். இதற்காக அக்கம்பக்கத்து மீனவர் ஒருவரை, கரை மணலில் சாய்த்து நிறுத்திய படகில் உட்காரவைத்து வரைந்தாராம்.

தனிமை என்றேனே, அதைச் சற்று அளந்து சொல்ல வேண்டும். கோடையில் தந்தையும் சகோதரர் குடும்பங்களும் வந்து பிரவுட்ஸ் நெக் நிறைந்துவிடும். வேடிக்கை பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை விரட்ட ‘பாம்பு! பாம்பு! எலி!’ என்று எழுதிய பலகை ஒன்று அவரிடம் இருந்தது. குளிர் வந்தால் எல்லோரும் போய்விடுவார்கள். அவர் மட்டும் பனியோடும் கடலோடும் இருப்பார். தாமே சமைப்பார். புயல் அடிக்கும்போது உட்கார்ந்து வரைய, சறுக்குக் கட்டைகள் மேல் நகர்த்தக்கூடிய சிறு மரக்கூண்டு ஒன்று வைத்திருந்தார். அதன் கண்ணாடிச் சன்னல் வழியே அலையைப் பார்ப்பார். ஆனால் தந்தையைக் கடைசி வரை கவனித்துக்கொண்டார். அண்ணனோடு கனடாவுக்கு மீன்பிடிக்கப் போவார். அண்ணன் சார்லஸ் வார்னிஷ் தொழிலில் செல்வம் சேர்த்தவர். தம்பியின் முதல் ஓவியங்கள் விலைபோகாவிட்டால் அவன் தூரிகையை விட்டுவிடுவான் என்றஞ்சி, பெயரைச் சொல்லாமல் அவரே இரண்டை வாங்கிவிட்டார் என்றும், உண்மை தெரிந்தபின் ஹோமர் பல நாள் அண்ணனோடு பேசவில்லை என்றும் ஒரு கதை உண்டு. எந்த வீட்டு அண்ணன் தம்பியும் செய்யக்கூடியதுதான்.

ஊராரையும் அவர் விலக்கியதில்லை. 1893-இல் ‘நரி வேட்டை’ வரைந்தார். ஆழ்ந்த பனியில் கால் புதைந்து ஓடும் நரியைப் பசித்த காக்கைகள் துரத்தும் படம். அருகிலிருந்த ரயில் நிலையத்தில் தந்தி அனுப்பும் நண்பர் அதைப் பார்த்து, இவை காக்கைகளே அல்ல என்று சொல்லிவிட்டார். ஹோமர் கோபிக்கவில்லை. அந்த நண்பர் ரயில் நிலையத்தருகே மக்காச்சோளம் இறைத்துக் காக்கைகளை வரவழைக்க, அங்கே போய்ப் பார்த்துப் பார்த்து வரைந்து, காக்கைகளை மாற்றித் தீட்டினார்.

வயது ஏற ஏற அவர் படங்களிலிருந்து மனிதர்கள் இறங்கிப் போனார்கள். 1895-இல் தீட்டிய ‘வடகிழக்குப் புயல்’ ஓவியத்தில் முதலில் பாறைமேல் குனிந்திருந்த இருவர் இருந்தனர். பின்னர் அவரே அவர்களை அழித்துவிட்டு, பாறையையும் பொங்கி எழும் நுரையையும் மட்டும் விட்டார். 1898-இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு வந்ததே புகழ்பெற்ற ‘வளைகுடா நீரோட்டம்’. பாய்மரம் முறிந்த படகில் கறுப்பின மீனவர் ஒருவர் தனியாகக் கிடக்கிறார். சுற்றிலும் சுறாக்கள். தூரத்தில் நீர்ச்சுழல் கம்பம். மறுபுறம் இவரைக் காணாமல் போய்க்கொண்டிருக்கும் கப்பல். இவருக்கு முடிவில் என்ன ஆகும் என்று சிலர் கேட்டார்களாம். அந்த அப்பாவி மனிதர் காப்பாற்றப்பட்டு ஊர் திரும்பிச் சுகமாக வாழ்வார் என்று அவர்களிடம் சொல்லும்படி ஹோமர் கிண்டலாக எழுதினார். ஓவியத்தை இன்னொரு முறை பார்த்தவர்களுக்கு அந்தக் கிண்டல் புரியும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1906-இல் அதை வாங்கிற்று.

1908-இல் ஹோமருக்கு இலேசான பக்கவாதம் கண்டது. அதே ஆண்டில் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுத ஒருவர் இசைவு கேட்டபோது, தம் வாழ்வில் சுவையான பகுதி பொதுமக்களுக்குத் தொடர்பில்லாதது என்று மறுத்துவிட்டார். மறு ஆண்டு, 72 வயதில், ‘வலமும் இடமும்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். இரட்டைக் குழல் துப்பாக்கியால் அடுத்தடுத்து இரண்டு பறவைகளை வீழ்த்துவதற்கு வேட்டைக்காரர்கள் சொல்லும் பெயர் அது.

சாம்பல் நிறக் கடல். விடியற்காலை. நம் கண்ணுக்கு நேரே, கைநீட்டினால் தொடும் அருகில், இரண்டு வாத்துகள் அந்தரத்தில். ஒன்று தலைகீழாகக் கவிழ்கிறது. மற்றொன்று சிறகை விரித்து எழும்புவது போலிருக்கிறது. எழும்புகிறதா, விழத் தொடங்கிவிட்டதா என்று சொல்ல முடியாது. இடப்பக்கம் அலைக்குப் பின்னால் ஒரு படகு, ஒரு மனிதன், சிவந்த ஒரு பொறி. அந்தப் பொறி துப்பாக்கி வாய். அது நம்மை நோக்கித்தான் இருக்கிறது.

1863-இல் ஹோமர் துப்பாக்கியின் பின்னால் இருந்தவனை வரைந்தார், சுடப்படுபவனைக் காட்டவில்லை. 1909-இல் சுடப்படுபவற்றின் பக்கம் வந்து நின்றுகொண்டு வரைந்தார். சுடுபவன் ஒரு புள்ளியாகிவிட்டான். இடையே 46 ஆண்டுகள். இந்த இரண்டு படங்களையும் இப்படிச் சேர்த்துப் பார்ப்பது சரியா என்று பேராசிரியர்கள் சொல்லட்டும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

பொங்கல் விடுமுறைக்குப் போனபோது கைப்பேசியில் இந்த இரண்டாவது படத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். முதலாவதைக் காட்ட மனம் வரவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, “இத வரைஞ்சவரு எங்க நின்னு பாத்தாரு?” என்று கேட்டார். பிரவுட்ஸ் நெக்கில் சொல்லப்படும் ஒரு செய்தியைச் சொன்னேன்: பக்கத்து மீனவர் ஒருவரைப் படகில் போகச் சொல்லி, தாம் பாறை உச்சியில் நின்றுகொண்டு, தம்மை நோக்கி வெற்றுத் தோட்டா சுடச் சொல்லிப் பார்த்தாராம். “சுடச் சொல்லி நின்னாரா?” என்றார் சித்தப்பா. மறுபடி படத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கச் சற்று நேரமாயிற்று.

1910 செப்டம்பர் 29-இல் ஹோமர் தம் ஓவியக்கூடத்திலேயே காலமானார். கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில், குடும்பத்தாரோடு அடக்கம் செய்தார்கள். குடும்பத்தார் கைவசம் இருந்த ஓவியக்கூடத்தைப் போர்ட்லாந்து கலை அருங்காட்சியகம் 2006-இல் வாங்கிச் செப்பனிட்டு 2012 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. மரக்கிளை வீரன் படமும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது; வாத்துகள் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில்.

இரண்டு படங்களின் வண்ண நகல்களை எடுத்து வரலாற்றுத் துறை அறிவிப்புப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். தேர்வு அட்டவணை வரும்வரை அவற்றைக் கிழிக்கமாட்டேன் என்று துறை உதவியாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.